நடுவில் நின்ற முள்

விடியற்காலை நாலே முக்கால். கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர் போகிற சாலை. பகலில் அங்கே காலேஜ் பஸ்ஸும் தண்ணீர் லாரியும் ஒன்றையொன்று இடிக்கிற மாதிரி போகும். அந்த நேரத்தில்... ஒன்றும் இல்லை. கொளப்பாக்கம் தாண்டினால் ஒரு பக்கம் காடு. விளக்குக் கம்பம் உண்டு, விளக்கு எரியாது. மார்கழிப் பனி வேறு. ஹெட்லைட் போட்டால் வெளிச்சம் பத்தடி போய் அப்படியே சுவரில் முட்டின மாதிரி நின்றுவிடும்.

அந்தச் சாலையில் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய கார். ஓட்டுகிறவன் காலேப். நம் சிறுசேரி ஆபீஸில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருக்கிற அதே காலேப்தான். பக்கத்து சீட்டில் அவனுடைய பெரியப்பா வில்பிரட். இது அவர்கள் இரண்டு பேருக்கும் நடந்தது. அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள்.

முதலில் பெரியம்மாவைச் சொல்ல வேண்டும்.

ஜெயசீலி. காலேப்பின் அம்மாவுக்கு அக்கா. அவன் ஆறாவது படிக்கும்போது அம்மா இறந்துபோக, செம்பாக்கத்தில் பெரியம்மா வீட்டில்தான் வளர்ந்தான். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. பெரியப்பா பிசிக்ஸ் வாத்தியார். வெப்பம், அழுத்தம், கொதிநிலை என்று முப்பது வருஷம் போர்டில் எழுதிப்போட்டவர். வீட்டிலும் அவர் வாத்தியார்தான். அவர் பேசுவார், மற்றவர்கள் கேட்க வேண்டும்.

பெரியம்மா ஐம்பது வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். முதல் தடவை எட்டுப் போடும்போது காலை ஊன்றிவிட்டாள்... இல்லை, அது ஸ்கூட்டருக்கு. காருக்கு ரிவர்ஸில் தப்பு. இரண்டாவது தடவை லைசென்ஸ் வந்தது. பர்ஸில் வைத்துக்கொண்டாள். அதோடு சரி. பெரியப்பா ஒரு நாள்கூட அவளிடம் சாவியைக் கொடுக்கவில்லை. எதிரே எவனாவது குடித்துவிட்டு வருவான், உனக்குப் பதற்றம் தாங்காது என்பார்.

அவள் சண்டை போடவில்லை. காரோடு கொடுத்த கைப்புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தாள். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் அப்போதே ஓரம் கட்ட வேண்டும், மஞ்சள் என்றால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். ஆயில் கேன் மாதிரி ஒரு படம், தண்ணீரில் தெர்மாமீட்டர் நிற்கிற மாதிரி ஒரு படம். எல்லாம் அவளுக்கு மனப்பாடம். இடது பக்கம் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்ப்பாள். இது எரியுதே, அது எரியுதே என்பாள். ஒரு நாள் இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிய ஆரம்பித்தது. அவள் தினமும் சொன்னாள். பெரியப்பா என்ன செய்தார் தெரியுமா... கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் கிள்ளி அந்த விளக்கின் மேல் ஒட்டிவிட்டார். இப்போது எரியவில்லையே என்றார். நாலு பேர் இருக்கும்போது சிரித்துக்கொண்டு சொன்னார். அவளும் சிரித்தாள்.

காலேப் சிறுசேரியில் ஃபிளாட் வாங்கினான். போன வருஷத்துக்கு முந்தின டிசம்பர். ஃபிளாட்டில் ஜெபக் கூட்டம் வைத்தார்கள். ராத்திரி பெரியப்பாவும் பெரியம்மாவும் அங்கேயே தங்கினார்கள். விடியற்காலை நாலு மணிக்குப் பெரியம்மா எழுந்து உட்கார்ந்தாள். நெஞ்சில் ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். பெரியப்பா அது வாயு என்றார். நேற்று பிரியாணி சாப்பிட்டாயே. வீட்டுக்குப் போகலாம், தாம்பரத்தில் நம் டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம். காலேப் ஆம்புலன்ஸ் கூப்பிடவா என்று கேட்டான். கேட்டதோடு விட்டுவிட்டான். லிஃப்டில் இறங்கி வந்து வழியனுப்பினான்.

அதற்குப் பிறகு நடந்ததை மார்ச்சுவரி வாசலில் பெரியப்பாவே சொன்னார். வகுப்பில் பாடம் சொல்கிற அதே குரலில். கண்டிகை தாண்டினதும் ஜெயசீலி, இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் ஏறுகிறது என்றாள். ஏசியை நிறுத்துங்கள், கண்ணாடியை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுசாகத் திருப்புங்கள், அந்தச் சூடு வெளியே வந்தால் இன்ஜின் தாங்கும், ஓரமாக நிறுத்தி ஆறவிடலாம், போன் பண்ணி வேறு வண்டி கூப்பிடலாம் என்றாள். ஒரு கை நெஞ்சில் இருந்ததாம். அவர் என்ன சொன்னார் என்று காலேப் கேட்டான். அவர் அதையும் மறைக்கவில்லை.

"அங்கேர்ந்து பாத்தா அப்படித்தான் தெரியும்னேன். இன்னும் பத்து நிமிஷம், பேசாம வான்னேன்."

அவர் சொன்னதில் ஒரு நியாயமும் உண்டு. பக்கவாட்டில் பார்த்தால் முள் கொஞ்சம் தள்ளித்தான் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பாடம். அதை வைத்தே அவள் வாயை அடைத்தார். காட்டோரம் வந்ததும் பானெட்டிலிருந்து புகை. ஒரு பெரிய சத்தம்... அப்புறம் சத்தமே இல்லை. இன்ஜின் இறுகிவிட்டது. அந்த இருட்டில் ஒரு வண்டியும் நிற்கவில்லை. நாற்பது நிமிஷம் கழித்துப் பால் வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தினார். அதற்குள் முடிந்துவிட்டது.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில், மண் போட்டுக்கொண்டிருக்கும்போது, அத்தனை பேர் முன்னாலும் காலேப் பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னான்: நீங்கதான் கொன்னீங்க. யாரும் அவனைத் தடுக்கவில்லை. பெரியப்பா ஆமாம் என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

அன்றோடு பேச்சு நின்றது. ஒரு வருஷம்.

காலேப் ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அன்று விடியற்காலை, அந்த கார் பார்க்கிங்கிலிருந்து நகர்ந்த பிறகு, அது நின்ற இடத்தில் தரையில் ஒரு திட்டு ஈரம் இருந்தது. ஏசித் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டான். ஏசித் தண்ணீர் பச்சையாக இருக்காது, இன்ஜினை ஆற்றுகிற கூலன்ட்தான் பச்சையாக இருக்கும். அது அவனுக்குத் தெரியும். கார் இன்னும் கேட்டைத் தாண்டவில்லை, கையைத் தட்டியிருந்தால் நின்றிருக்கும். தூக்கத்தில் கண் சொக்கியது. லிஃப்டுக்குப் போய்விட்டான்.

பெரியப்பா அந்த காரை விற்கவில்லை. இன்ஜினைப் பிரித்து, புதுப் பாகம் போட்டு, டேப்பைப் பிய்த்தெறிந்து, வீட்டு வாசலில் நிறுத்தினார். ஆனால் ஓட்டுவதை விட்டுவிட்டார். செம்பாக்கத்தில் எல்லாருக்கும் அது ஒரு புதிர்.

போன டிசம்பரில் காலேப்புக்குப் போன் வந்தது. வருஷ நினைவு நாள் வருகிறது. அதே நேரத்துக்கு, அதே வழியில், அதே காரில் ஒரு தரம் போக வேண்டும். நீ ஓட்டு என்றார். காலேப் சரி என்றான். பாசத்தில் இல்லை. அந்த இடம் வரும்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்று பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் போலிருந்தது அவனுக்கு.

முந்தின நாள் சாயங்காலம் ஆக்டிங் டிரைவர் ஒருவரை வைத்துக்கொண்டு பெரியப்பா சிறுசேரிக்கு வந்தார். இளைத்திருந்தார். சாப்பிடவில்லை. நாலரைக்குக் கீழே இறங்கினார்கள். அவர் பானெட்டைத் திறக்கச் சொன்னார். காலேப் போன் வெளிச்சத்தில் பார்த்தான். கூலன்ட் மேல் கோடு வரைக்கும் இருந்தது. ஆயில் சரி. டயரில் காற்று சரி. காருக்கு அடியில் தரை காய்ந்து கிடந்தது, அதைக் காலேப் குனிந்து தானே பார்த்தான். சாவியைத் திருப்பினதும் எல்லா விளக்கும் எரிந்தது. ஸ்டார்ட் செய்ததும் ஒவ்வொன்றாக அணைந்தது. பெரியப்பா உதடு அசைந்துகொண்டிருந்தது, ஒவ்வொரு விளக்கின் பேராக.

இடது பக்கம், பெரியம்மா உட்கார்ந்த சீட்டில் அவர் ஏறிக்கொண்டார்.

கேளம்பாக்கம் திரும்பும்வரை ஒன்றுமில்லை. புதுப்பாக்கம், மாம்பாக்கம்... ஒன்றுமில்லை. ஹீட் முள் நடுவில், ஆணி அடித்த மாதிரி நின்றது. கண்டிகை தாண்டியதும் ஒரு வாடை. வெல்லப் பாகு கொதிக்கிற மாதிரி தித்திப்பாக... அதன் அடியில் ரப்பர் கருகுகிற மாதிரி. காலேப் வெளியிலிருந்து வருகிறது என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றினான். வாடை போகவில்லை.

"முள்ளு ஏறுது," என்றார் பெரியப்பா.

காலேப் பார்த்தான். நடுவில்தான் இருந்தது. சொன்னான். அவர் எட்டிப் பார்த்தார். ஏறுகிறது என்று மறுபடி சொன்னார். அரைக்கு மேலே போய்விட்டது, ஓரம் கட்டு. கொஞ்ச நேரம் கழித்து, சிவப்பைத் தொட்டுவிட்டது. அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் காலேப்புக்கு எரிச்சல். தன்னை ஏதோ நாடகத்துக்குள் இழுக்கிறார் என்று நினைத்தான்.

"தம்பி, ஹீட்டரைப் போடுப்பா."

"அன்னைக்கு பெரியம்மா கேட்டாங்களே. நீங்க போட்டீங்களா?"

சீட்டுக்குக் கீழே அவருடைய இரண்டு பாதங்களும் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கேட்டது. சர்... சர்... என்று. மூச்சு மாறியது. பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் விடுகிற மூச்சு. காடு வந்துவிட்டது. நிறுத்து என்றார். இரண்டாம் தரமும் நிறுத்து என்றார்.

காலேப் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அங்கேர்ந்து பாத்தா அப்படித்தான் தெரியும் பெரியப்பா. இன்னும் பத்து நிமிஷம், பேசாம வாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவன் காதில் அது விழுந்தது. யாருடைய வார்த்தைகள் என்று. அதே வார்த்தைகள், அதே வரிசையில். அவன் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தயாராக இருந்த மாதிரி வந்துவிட்டது. முள் அப்போதும் நடுவில்தான். பிரேக்கில் காலை வைக்கத் தோன்றவில்லை... இன்னும் அழுத்தினான். அந்த இடத்தைத் தாண்டினால் போதும் என்று இருந்தது அவனுக்கு. இடது பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அங்கே பெரியப்பா உட்கார்ந்திருப்பாரா என்று அவனுக்கு நிச்சயமில்லை.

வண்டலூர் மேம்பாலத்து விளக்கு வந்ததும்தான் திரும்பினான். பெரியப்பாதான். கதவில் சாய்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது. பாதம் இரண்டையும் தரையில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார்.

இரும்புலியூர் தாண்டி முதலில் கண்ணில் பட்ட ஆஸ்பத்திரியில் நிறுத்தினான். ஸ்டிரெட்சரில் ஏற்றும்போது பார்த்தான். இரண்டு பாதத்திலும் தோல் உரிந்து, கொப்புளம் கொப்புளமாக... கொதிக்கிற தண்ணீரில் இறக்கி எடுத்த மாதிரி. அவரை உள்ளே கொண்டுபோனார்கள். காலேப் காருக்கு ஓடினான். இடது பக்கக் கால்மிதியைத் தடவினான். காய்ந்திருந்தது. ஜில்லென்று இருந்தது. பானெட்டில் கையை வைத்தான். முப்பது கிலோமீட்டர் விரட்டி ஓட்டி வந்த கார். பானெட் கிணற்றுக் கல் மாதிரி குளிர்ந்து கிடந்தது.

டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். காலேப்பைத் தனியாகக் கூப்பிட்டாள். பெரியவர் எங்கே வேலை செய்கிறார், பாய்லர், ஓட்டல் அடுப்பு ஏதாவதா என்று கேட்டாள். ரிட்டயர்ட் வாத்தியார் என்றான். அவள் அவனை நம்பாத மாதிரி பார்த்தாள்.

"இது இன்னைக்கு மட்டும் பட்டது இல்ல சார். அடியில பழைய தழும்பு, அதுக்கு மேல தழும்பு. ஆற ஆற மறுபடி வெந்திருக்கு. ஒரு வருஷமாவது இருக்கும்."

செம்பாக்கத்தில் பக்கத்து வீட்டு பொன்னியம்மாளிடம் அப்புறம் விசாரித்தான். அந்த அம்மா கோலம் போட நாலரை மணிக்கெல்லாம் எழுந்துவிடுவாள். தினமும் பார்ப்பாளாம். வாசலில் நிற்கிற காரில், ஸ்டார்ட் செய்யாமல், விளக்குப் போடாமல், இடது பக்கம் உட்கார்ந்திருப்பார். வலது பக்கம் பார்த்து ஏதோ கெஞ்சுகிற மாதிரி பேசிக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் யாராவது இருந்தார்களா என்று காலேப் கேட்டான். பொன்னியம்மாள் கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பெரியப்பா பிப்ரவரியில் போய்விட்டார். சர்க்கரை இருந்தது, புண் ஆறவில்லை. கடைசிவரை காலேப்பை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது அவனுக்கு வசவை விட மோசமாக இருந்தது. அந்தப் பச்சைத் திட்டைப் பற்றி அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போனான். மூன்று தடவையும் ஆப்பிள் வைத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

வேறு வாரிசு இல்லை. கார் இப்போது அவனுடைய ஃபிளாட் பார்க்கிங்கில் நிற்கிறது. ஆபீஸுக்கு அவன் பஸ்ஸில்தான் வருகிறான். அதை விற்றுவிடேன் என்று எத்தனையோ பேர் சொல்லியாகிவிட்டது. வாங்க வந்தவர்களையும் அவனே ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறான்.

போன திங்கட்கிழமை கிளையன்ட் மீட்டிங். எல்லாரும் ஃபார்மல்ஸில் வந்திருந்தார்கள். காலேப் மட்டும் ரப்பர் செருப்பில் வந்தான். மேனேஜர் கேட்டதற்கு, ஷூ போட முடியவில்லை சார் என்றான்.