டிக்ளைன்னா என்ன அர்த்தம்

இல்ல அண்ணி, உங்க தம்பிக்கு வலி ஒண்ணும் பெருசா இல்ல. வாதம் அடிச்சதுக்கப்புறம் இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தெரியல. உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஆடும். இதுல உக்காருங்க. இந்தக் காத்துலயும் தூத்தல்லயும் கல்லறைக்கிட்ட அவ்வளவு நேரம் நின்னீங்க, கை வெறைச்சுப் போயிருக்கும். எல்லாரும் கெளம்பிட்டாங்க, இனி நாம ரெண்டு பேருதான். பன்னித்தொடை ஹாம் இருக்கு, பிளம் ரொட்டி இருக்கு. எங்க கிரிம்ஸ்பிப் பக்கம் சாவு வீட்ல ஹாம் வைக்கலேன்னா ஊரே பேசும். உங்க வீட்டுப் பழக்கம் எனக்குத் தெரியாது. உங்கப்பா செத்தப்போ என்னைக் கூப்பிடலையே.

கேட்டீங்க, காதுல விழுந்துச்சு. கடைசில உங்களைக் கேட்டாரான்னுதானே? சொல்றேன். மொதல்ல டீயைக் குடிங்க.

சாப்பாடுதான் இறங்கல அவருக்கு. ஒரு நாளு கரண்டியைத் தட்டி விட்டாரு பாருங்க, என் சட்டையெல்லாம் சூப்பு. அந்த நர்ஸ் புள்ள கொஞ்சமும் பதறல. மிஸ்டர் பர்டெட் மதியச் சாப்பாட்டை டிக்ளைன் பண்ணிட்டாருன்னு டாக்டர்கிட்ட சொல்லுது. தட்டி விட்டதுக்கு அவ்வளவு மரியாதையான பேரு. டாக்டரு என்னை வராந்தாவுக்குக் கூட்டிட்டுப் போயி, உங்க வீட்டுக்காரரு டிக்ளைன் ஆயிட்டிருக்காரும்மாங்கறாரு. வேண்டாம்னாலும் அந்தச் சொல்லுதான், தேஞ்சு போனாலும் அந்தச் சொல்லுதான்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கா அண்ணி, அந்தச் சொல்லு? இல்லையா. எப்படி இருக்கும். அடிச்ச கைக்கு எங்க வலிக்கப் போவுது.

எங்க கல்யாணத்துக்குப் பதில் கார்டு போட்டிருந்தீங்க. ஓரத்துல பொன் கோடு போட்ட கார்டு. மிஸ் பர்டெட் வருந்துகிறார், டிக்ளைன் செய்ய நேர்கிறது. அவ்வளவுதான். நான் அப்போ துறைமுகத்துல மீன் அறுக்குற பொண்ணு. எங்க ஷெட்டுல அந்தச் சொல்லை ஒரே ஒரு நோயிக்குத்தான் சொல்லுவாங்க. எங்க டோரா சித்தி இருமி இருமி எலும்பாப் போனப்போ, டோரா டிக்ளைன்ல விழுந்துட்டாளேன்னு எங்கம்மா தலைல அடிச்சுக்கிட்டு அழும். அதனால நான் என்ன நெனச்சேன், ஐயோ, அவரு அக்காவுக்குக் காசநோயி, அதைக்கூட எவ்வளவு கௌரவமா எழுதியிருக்காங்கன்னு நெனச்சேன்.

ஆமா, சிரிங்க. அப்பவும் சிரிச்சீங்க.

நோயாளியைப் பாக்கப் போறோம்னு கருப்புத் திராட்சை வாங்குனேன். அந்த வெலைக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கியிருக்கலாம். கை மீன் நாத்தம் போகணும்னு எலுமிச்சங்காயைத் தேய்ச்சுத் தேய்ச்சு வெரலெல்லாம் எரியுது. அவருகிட்டக்கூடச் சொல்லாம பஸ் ஏறி உங்க ஊரு லிங்கனுக்கு வந்தேன். கதவைத் தெறந்தது நீங்க. கன்னம் ரெண்டும் ஆப்பிள் மாதிரி இருக்கு. உடம்பு எப்படி இருக்கு மிஸ், டிக்ளைன்னு கேள்விப்பட்டேனேன்னு கேட்டேன். வெளியவே நிக்க வச்சு அனுப்பியிருக்கலாம் நீங்க. அனுப்பல. கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனீங்க. சர்ச்சுப் பொம்பளைங்க அத்தனை பேரும் டீ குடிச்சிட்டிருக்காங்க. நடுவுல என்னை நிறுத்தி, கேட்டதைத் திரும்பச் சொல்லு பொண்ணேன்னீங்க. சொன்னேன். ஒரு அம்மா சிரிச்ச சிரிப்புல கண்ணைத் தொடைச்சிக்கிச்சு. அப்புறந்தான் நீங்க பாடம் நடத்துனீங்க. டிக்ளைன்னா வேண்டாம்னு அர்த்தம், பெரிய மனுசங்க பதமாச் சொல்றது. யாரை வேண்டாம்னு நான் விளக்கணுமான்னு கேட்டீங்க.

திராட்சையை மட்டும் வேண்டாம்னு சொல்லல. தட்டுல வச்சு எல்லாருக்கும் குடுத்தீங்க. நான் நிக்கும்போதே தின்னாங்க.

அவருகிட்ட அன்னைக்கு ராத்திரி அழுதேன். லத்தீன் வாத்தியாராச்சே, இலக்கணத்துல தேத்தப் பாத்தாரு. ஒரு பெயர்ச்சொல்லை வேற்றுமை வேற்றுமையாப் பிரிச்சுச் சொல்றதுக்கும் டிக்ளைன்னுதான் பேராம். வேற்றுமை காட்டுறதுக்குமான்னு கேட்டேன். அதுக்கப்புறம் உங்க வாசப்படியை மிதிக்கல அவரு. நான்தான் தடுத்தேன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. ஒரு வார்த்தை நான் சொல்லல அண்ணி. அவராத்தான் நின்னுக்கிட்டாரு. மனசுக்குள்ள உங்களை நெனச்சுக்கிட்டேதான் இருந்தாருங்கறது எனக்குத் தெரியும்.

அதுதான், உங்க கேள்விக்கு வர்றேன்.

கேட்டாரு. வாய் கோணிப் போயி என் பேரே எத்னா எத்னான்னு கொழறித்தான் வந்துச்சு. உங்க பேரை மட்டும் சுத்தமாச் சொன்னாரு. ஹெஸ்டரை வரச் சொல்லுன்னு, கண்ணு முழிச்சதுலேர்ந்து அதே பேச்சு. ரெண்டு மூணு நாளு கேக்காத மாதிரி இருந்தேன். விடல. சரின்னு கீழ எறங்கிப் போயி, கேன்டீன்ல ஒரு பன்னு தின்னுட்டு, மேல வந்து சொன்னேன். போன் பண்ணிட்டேங்க, உங்க அக்கா டிக்ளைன் பண்ணிட்டாங்க.

இல்ல, நான் போன் பண்ணல. உங்களுக்கு எந்தப் போனும் வரல. செத்ததுக்கு மட்டும் ஒடனே சொல்லிவிட்டேன், அது மொறை.

அவ அந்தச் சொல்லையா சொன்னான்னு கேட்டாரு. ஆமா, அதேதான்னேன். வேற யாரைப்பத்திச் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாரு. உங்களைப்பத்திங்கவும் ஒரு கேள்வி இல்லாம நம்பிட்டாரு. மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. அப்புறம் உங்க பேரை எடுக்கவேயில்ல.

இருங்க, எந்திரிக்காதீங்க. உங்க கோட்டு அடுப்புக்கிட்ட காயுது, நானே எடுத்துட்டு வர்றேன்.