சிவப்புக் கோட்டுக்கு மேலே

நிலத்தடி நீரை அளக்க ஒரு எஃகு நாடாவும் ஒரு சாக்பீஸும் போதும். நாடாவின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்துக் குழாய்க்குள் இறக்கினால், தண்ணீரில் முங்கிய இடம் வரை வெள்ளை கறுத்துப் போயிருக்கும். அதைப் பார்த்துக் கழித்தால் மட்டம் தெரிந்துவிடும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் பாதி ஆயுளுக்கு மேல் இதையே செய்ததில் எனக்கு நாடாக்காரர் என்றே பேர் நிலைத்துவிட்டது. கோபம் வந்தால் என் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

நீங்கள் கேட்பது என் சகலையைப் பற்றி. தெரியும், அங்கேதான் வருகிறேன். நாடாவிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குச் சரியாகப் புரியும்.

எங்கள் வட்டாரத்தில் தண்ணீருக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் இறைக்காத, அளப்பதற்காகவே போட்ட குழாய்க் கிணறு ஒன்று பகுதிக்குப் பகுதி இருக்கிறது. மாதம் ஒருமுறை அதில் மட்டம் பார்ப்பேன். சிவப்புக் கோட்டுக்குக் கீழே போய்விட்டால், அந்தப் பகுதியில் உள்ள எல்லா ஆழ்துளை போர்களுக்கும் கரண்டை நிறுத்திவிடுவார்கள். மழை பெய்து மட்டம் ஏறுகிற வரைக்கும் திறந்த கிணறு வைத்திருப்பவர்கள் மட்டும் இறைத்துக்கொள்ளலாம். நல்ல சட்டம்தான். விவரம் தெரிந்தவர்கள் எழுதியது. ஆழமாகத் துளை போட வசதி இல்லாதவனுடைய கிணறு வற்றிவிடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம்.

எங்கள் பகுதியின் அளவுக் கிணறு என் தோட்டத்து வேலியை ஒட்டி இருக்கிறது. அதை அங்கே போடச் சொன்னது நான் இல்லை. நான் கல்யாணம் ஆகி வருவதற்கு முன்பே அது அங்கே இருந்தது. மாமனார் நிலத்தை இரண்டு பெண்களுக்கும் பிரித்துக் கொடுத்தபோது மேல்பாதி என் மனைவிக்கு வந்தது, கீழ்பாதி என் கொழுந்தியாளுக்குப் போனது. கீழ்பாதியில் பாறை வெட்டித் தோண்டிய திறந்த கிணறு. மேல்பாதியில் நான் போர் போட்டேன்.

என் போர் ஓடினால் அளவுக் கிணற்றில் மட்டம் சரசரவென்று இறங்கும். ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் மறுபடி ஏறிவிடும். அளக்கும் நாளை ஆபீசில் குறித்துக் கொடுப்பார்கள், ஊரில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் முந்தின நாள் மத்தியானம் மோட்டாரை நிறுத்துவேன். மறுநாள் காலையில் போய் அளப்பேன். நாடாவைச் சுருட்டி வைத்ததும் மோட்டாரைப் போடுவேன். நான் எழுதிக் கொடுத்த எண்ணில் ஒன்றுகூடப் பொய் கிடையாது. வேறு யார் வந்து அந்த நேரத்தில் நாடாவை இறக்கியிருந்தாலும் அதே எண்தான் வந்திருக்கும். இதை நீங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்து ஊர்களில் போர்களுக்குக் கரண்ட் நின்றபோதும் எங்கள் பகுதியில் ஒன்றும் நிற்கவில்லை. நாடாக்காரர் ராசியான கை என்று சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்டால், எலுமிச்சைதான். கன்றாக வைத்த புதிதில் என் மனைவி குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த மரங்கள். அப்போதுதான் முதல் பூ வைத்திருந்தன. ஒரு கோடை தண்ணீர் நின்றால் பூ உதிரும், மரமும் பட்டுப்போகும். அவள் காலையில் எழுந்ததும் முகம் கழுவாமல்கூட நேரே தோட்டத்துக்குப் போய் நின்றுவிட்டு வருவாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒரு எண்ணை எழுத எனக்கு மனசு வரவில்லை.

என் சகலை கலகலப்பான ஆள். டீசல் எஞ்சினைப் பிரித்துப் போட்டுப் பூட்டுவதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். சாப்பிடும்போதும் விரல் இடுக்கில் கிரீஸ் இருக்கும். அவன் எஞ்சின் கிணற்று மேட்டில் இருந்தது. மேட்டில் இருக்கும் எஞ்சின் ஓர் ஆழம் வரைக்கும்தான் தண்ணீரை உறிஞ்சும். அதற்குக் கீழே போய்விட்டால் எஞ்சின் ஓடும், குழாயில் காற்றுதான் வரும். அந்தக் கோடையில் அவனுக்குக் காற்றுதான் வந்தது.

ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, தண்ணி ஏற மாட்டேங்குது. உங்க நாடா என்ன சொல்லுது?"

"கோட்டுக்கு மேலதான் இருக்கு."

"அப்ப கோளாறு என்கிட்டதான். கிணத்துல எட்டிப் பாத்தா தண்ணி எங்கயோ கிடக்குது. ஆனா என் கண்ணு சொல்றதா, உங்க நாடா சொல்றதான்னு வந்தா நாடாவத்தான் நம்புவேன். கண்ணுக்கு வயசாயிடுச்சு."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அடுத்த சில நாட்கள் எஞ்சினைப் பிரித்தான், வால்வை மாற்றினான், குழாயை மாற்றினான். தன் கிணற்றில் கண்ணுக்கு முன்னால் தண்ணீர் இறங்கியதைப் பார்த்தும், வேலியோரம் நான் அளந்த எண்ணை நம்பித் தன் எஞ்சினைக் குறை சொல்லிக்கொண்டிருந்தான். கொழுந்தியாள் ஒரு நாள் காய்ந்த நாற்றைப் பிடுங்கிக் கையில் கொண்டு வந்து காட்டினாள்.

"ஊரெல்லாம் தண்ணி ஓடுது. எங்க கிணறு மட்டும் ஏன் மாமா இப்படி?"

"ஊத்துக்கண் அடைச்சிருக்கும்" என்றேன்.

வாய்விட்டுச் சொன்ன பொய் அது ஒன்றுதான். சொன்ன பிறகு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெயிலில் அலைந்தது ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

பிறகு அவன் எஞ்சினைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தான். கிணற்றின் பாதி ஆழத்தில், பாறையில் ஒரு திட்டு உண்டு. அங்கே வைத்தால் தண்ணீர் கிட்டத்தில் இருக்கும், எஞ்சின் உறிஞ்சிவிடும்.

"இறக்கலாமா அண்ணே?" என்று கேட்டான்.

"இறக்கினா தண்ணியத் தூக்கும்" என்றேன்.

கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். கிணற்றுக்குள் எஞ்சின் ஓடினால் புகை மேலே வராது, அடியிலேயே தங்கிவிடும். பக்கத்தில் இருப்பவனுக்குத் தலை சுற்றும், பிறகு தூக்கம் மாதிரி வரும், பிறகு ஒன்றும் தெரியாது. இது எனக்குப் படித்துத் தெரிந்ததல்ல. கோடை தொடங்கும்போது ஊர் ஊராகப் போய், 'கிணற்றுக்குள் எஞ்சின் ஓட்டாதீர்கள்' என்ற எச்சரிக்கையை மைக்கில் வாசிப்பது என் வேலைகளில் ஒன்று. அந்த மாதிரி நேரங்களில் சகலை தலையைக் காட்டுவதில்லை, எஞ்சினோடு இருப்பான்.

நான்கு பேர் சங்கிலி போட்டு எஞ்சினை இறக்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த வேலைக்குச் சங்கிலியோடு போய்விட்டார்கள். கொழுந்தியாள் கடைவீதிக்குப் போயிருந்தாள். கிணற்று மேட்டில் நானும் அவனும்தான். மத்தியானம் ஆகியிருந்தது. மறுநாள் அளவு நாள், நான் போய் மோட்டாரை நிறுத்த வேண்டும். கிணற்றின் கல்படிகள் பாதியோடு இடிந்து போயிருந்ததால், கல்தூணில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் திட்டுக்கு இறங்க முடியும். இறங்குவதற்கு முன்னால் அவன் கயிற்றை இழுத்துச் சோதித்துக்கொண்டே பேசினான்.

"அண்ணே, ஒண்ணு கவனிச்சேன். உங்க மோட்டார் நிக்குற அன்னிக்கு மட்டும் என் கிணத்துல கொஞ்சம் தண்ணி ஊறுது. மறுநாள் பாத்தா நீங்க நாடாவோட நிக்கிறீங்க."

"அப்படியா?"

"ஆமாண்ணே. பாவம், உங்க ஆபீசுல இருக்கறவங்களுக்கு இது தெரியாம இருக்கும். மோட்டார் ஓடும்போதும் ஒருதரம் அளந்து பாக்கச் சொல்லி நானே வந்து சொல்றேன். கண்டுபிடிச்சது நீங்கதான்னு சொல்லிடறேன், உங்களுக்கும் நல்ல பேரு."

அவன் குத்திக் காட்டவில்லை. அந்தப் புத்தி அவனுக்குக் கிடையாது. எனக்கு உபகாரம் செய்வதாகவே நினைத்தான். பூ வைத்த மரங்கள் கண்ணுக்குள் வந்தன. பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ராசியான கை என்று சொன்னவர்களின் முகங்களும் வந்தன. அவை மரங்களுக்கு முன்னாலேயே வந்திருக்கும் என்றும் இப்போது தோன்றுகிறது.

அவன் இறங்கினான். கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பினான். தண்ணீர் குபுகுபுவென்று வாய்க்காலில் கொட்டியது. அவன் கீழே குழந்தை மாதிரி கை தட்டினான். 'ஓட விட்டுட்டு உடனே மேல வந்துடு' என்று நான் கத்தியிருக்க வேண்டும். எவ்வளவோ ஊர்களில் முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் சொன்ன வார்த்தை அது.

"கொஞ்ச நேரம் பக்கத்துலயே இருந்து சத்தத்தைப் பாத்துக்கோ" என்று கத்தினேன். "நான் மோட்டாரை நிறுத்திட்டு வந்துடறேன்."

அவன் எஞ்சினை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையை மட்டும் ஆட்டினான்.

மோட்டார் அறைக்குப் போய் சுவிட்சை இறக்கினேன். என் போர் நின்றதும் அவன் எஞ்சின் சத்தம் தெளிவாகக் கேட்டது. எஞ்சின் பைத்தியம் பிடித்தவன் கை சும்மா இருக்காது. கூட்டுவான், குறைப்பான், மறுபடி கூட்டுவான். கொஞ்ச நேரம் அப்படித்தான் சத்தம் ஏறி இறங்கியது. பிறகு ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. நான் அறை வாசலில் இருந்த கல்லில் உட்கார்ந்தேன். கால் வலிக்கவில்லை, மயக்கமும் இல்லை. ஓடினால் பீடி பற்றவைக்கும் நேரத்தில் கிணற்றுக்குப் போய்விடலாம். சீரான சத்தம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். எலுமிச்சைப் பூ வாசனை வந்துகொண்டே இருந்தது. டீசல் தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கிற வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் துக்க வீட்டிலிருந்து கிளம்பிப் போய் அளந்தேன். அளவு நாளைத் தள்ளிப்போட எனக்கு அதிகாரம் இல்லை. மட்டம் கோட்டுக்கு மேலேதான் இருந்தது. சரிதானா என்று பார்க்க இரண்டாம் முறையும் நாடாவை இறக்கினேன்.

அதன் பிறகு கொழுந்தியாள் நிலத்துக்கு என் போரிலிருந்து குழாய் போட்டுக் கொடுத்தேன். கீழ்பாதி இப்போது பச்சைப்பசேல் என்று இருக்கிறது. இந்தக் கோடையில் பள்ளிக்கூடக் கூடத்தில் எச்சரிக்கை வாசித்தேன். அதில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: சமீபத்தில் ஒரு விவசாயி தன் கவனக்குறைவால் இறந்தார் என்று. அவள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அந்த வரியை நான் என் வாயால், மைக்கில், அவள் முகத்துக்கு நேரே வாசித்தேன். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தாள்.

"நீங்க சொல்லியிருந்தா அவர் கேட்டிருப்பார் மாமா. உங்க பேச்ச மட்டும்தான் கேப்பார். அந்த நேரம் பாத்து நீங்க பக்கத்துல இல்லாமப் போயிட்டீங்களே" என்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க தண்ணியிலதான் எங்க அடுப்பு எரியுது" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கும்பிட்டதைத் தாங்க முடியவில்லை. அங்கிருந்து நேரே இங்கே, ஸ்டேஷனுக்கு வந்தேன். எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி, குற்றம் என்னுடையதுதான். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குற்றம்.

ஒன்றை மட்டும் திருத்திவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் கோப்பில் தப்பாக ஏறிவிடும். முதலில் ஓடி வந்தது நாடாக்காரர்தான், காப்பாற்றக் கையில் கயிறோடு வந்தார் என்று ஊரே உங்களிடம் சொல்லியிருக்கும். நான் கயிறோடு ஓடியது உண்மை. அது கல்தூணில் கட்டியிருந்த அவனுடைய கிணற்றுக் கயிறு. மோட்டாரை நிறுத்தக் கிளம்பும்போதே அதை அவிழ்த்து மேலே இழுத்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டுதான் போனேன், அப்போது என் மனசில் தப்பான எண்ணம் எதுவும் இல்லை.