எண்ணூறு நாற்காலிகள்

அவர்கள் ஆட்டைப் படம் எடுத்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. எங்கள் சந்தை ஆடு பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு காலை முழுவதும் ஆட்டையே எடுத்தார்கள்.

மோகென்ஸ், லிஸ்பெத் என்று பெயர். டென்மார்க்கிலிருந்து வந்த கணவன் மனைவி. அவர் பள்ளியில் உடற்பயிற்சி வாத்தியாராக இருந்தவர், அந்தம்மா தபால் ஆபீஸ். ஓய்வு பெற்றபின் தங்கள் ஊர்ப் படச் சங்கத்தில் சேர்ந்து காமிரா பழகியிருக்கிறார்கள். "யாரும் காமிராவப் பாக்காதீங்க, உங்க வேலையப் பாருங்க" என்று அவர் கத்துவார். அதுவரை பார்க்காதவர்களும் அதன்பின் பார்த்தார்கள். மீன்காரப் பெண்கள் கடையை விட்டுவிட்டுத் தலை வாரிக்கொண்டு வந்தார்கள். அவர்களை விட்டுவிட்டுச் சாக்கடையை எடுத்தார்கள். கிழங்கு லாரிமேல் வாயைத் திறந்து தூங்குகிறவனை எடுத்தார்கள்.

என் கடை சந்தை முனையில். துக்க வீடுகளுக்குப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்குக் கொடுக்கிறேன். எண்ணூறு நாற்காலி, எல்லாம் ஒரே வெள்ளை. பெரிய பட்டணமான குமாசியில்கூட இப்படி ஒரே நிறத்தில் கிடைக்காது. காலையில் மாமா என் கடை வாசலில்தான் உட்கார்ந்திருப்பார். அம்மாவின் அண்ணன், பழைய லாரி டிரைவர், எண்பத்தோரு வயது.

"டூஃபி, அந்த ஆடு இன்னிக்கும் வந்திருக்கா பாரு. வரலேன்னா வெள்ளக்காரன் பாவம், என்ன பண்ணுவான்?" என்பார் என்னிடம்.

அவர்களுக்கு மாமாவைப் பிடித்துப்போயிற்று. தினமும் அவர் கஞ்சி குடிப்பதையும், என் கையிலிருந்து இருதயத்துக்கான இரண்டு மாத்திரை வாங்கி, திட்டிக்கொண்டே விழுங்குவதையும் எடுத்தார்கள்.

ஒரு நாள் லிஸ்பெத் என் நாற்காலி அடுக்கைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பேர் வருவாங்களா? இப்படி ஒரு துக்கத்த எடுத்தா எங்க ஊர்ல அசந்துடுவாங்க. எங்களுக்குத்தான் குடுத்து வைக்கல" என்றார்.

அது மனதில் நின்றுவிட்டது. டென்மார்க்கில் ஒரு கூடம் நிறைய ஜனம் உட்கார்ந்து, எங்கள் ஊர் என்றால் ஆடும் சாக்கடையும் என்று பார்க்கப் போகிறது. நாங்கள் எப்படி உடுத்துகிறோம், எப்படி வரிசை கலையாமல் உட்காருகிறோம் என்று யார் காட்டுவது? ஆனால் அந்த மாதம் ஊரில் எல்லாரும் பிடிவாதமாக ஆரோக்கியமாக இருந்தார்கள்.

தலைநகர் அக்ராவிலிருந்து அவர்கள் விமானம் இருபத்து நாலாம் தேதி, ஞாயிறு. புதைக்க மாதக்கணக்கில் ஆகும், அதை எதிர்பார்க்க முடியாது. செத்து ஏழாம் நாள் ஊர் கூடுகிற ஒரு வாரத் துக்கம் மட்டும் தள்ளிப்போகாது, உங்களுக்கே தெரியும். ஞாயிற்றிலிருந்து பின்னால் எண்ணினேன். பதினாறாம் தேதிக்குள் என்று வந்தது.

மாமாவுக்குக் கூட்டம் என்றால் உயிர். கேட்டிருந்தால் அவரே சம்மதித்திருப்பார். கேட்கத்தான் வாய்ப்பு அமையவில்லை.

திங்கட்கிழமை மாமா தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"என்னம்மா, இன்னிக்கு ஒண்ணுதானா? செவப்பு எங்க?"

"டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரு, மாமா."

"அப்ப தேறிட்டேன்னு சொல்லு." காமிராவைப் பார்த்துக் கையை ஆட்டினார். "எழுதிக்கோங்க. இந்தப் பொண்ணு இல்லேன்னா நான் எப்பவோ போயிருப்பேன்."

செவ்வாய், புதன், வியாழன். வெள்ளிக்கிழமை கஞ்சிக்கு எழவில்லை. லாரி ஓட்டிய காலத்திலிருந்தே அவர் நேரம் தவறாதவர்.

அடுத்த வெள்ளி எண்ணூறு நாற்காலியும் நிறைந்தன. ஊரே துக்கத்துக்குரிய கறுப்பும் சிவப்புமாக உடுத்தி வந்திருந்தது. மோகென்ஸும் லிஸ்பெத்தும் எங்களைப் போலவே துணி கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். கையில் காமிரா இல்லை. எங்கே என்று கேட்டேன்.

"செத்தது எங்க சிநேகிதர். அதப் போயி படம் எடுக்கறதா? மரியாதை இல்ல, டூஃபி" என்று லிஸ்பெத் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மரியாதையாம். வீடியோக்காரன் வராத துக்கம் ஒரு துக்கமா, ஐயா?

ஊருக்குப் போய்ப் படத் துண்டுகளைக் கோக்கும்போது அந்தம்மாவுக்கு ஒரு குழப்பம். சில காலைகளில் உள்ளங்கையில் இரண்டு மாத்திரை, சில காலைகளில் ஒன்று. எது முன்னால், எது பின்னால் என்று தெரியாமல், மாமாவைக் கவனித்த ஆஸ்பத்திரி நர்ஸுக்கு அந்தக் காட்சிகளை அனுப்பிக் கேட்டிருக்கிறார். நர்ஸ் உங்களிடம் வந்துவிட்டார். எதையுமே பார்க்கத் தெரியாதவர்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

ஆமாம், சிவப்பு மாத்திரையை நிறுத்தியது நான்தான். டாக்டர் சொல்லவில்லை. மாமா இறந்தது அதனால்தான், இறக்க வேண்டும் என்றுதான் நிறுத்தினேன். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அதற்கு முன் அந்தத் திங்கட்கிழமைக் காட்சியை இன்னொரு முறை ஓட்டுங்கள், ஐயா. மாமா கையை ஆட்டும்போது அவர் தோளுக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. என் நாற்காலிகளாகத்தான் இருக்க வேண்டும்.