சாய்ந்தது கடலா, கட்டுமரமா?

தம் அரிசி மண்டித் தராசைப் போலவே இந்தப் படிப்பகத்தையும் பிசகாமல் நடத்திவரும் தலைவர் ஜெயவேலு அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து என்னை நடுங்கவைக்கும் மூத்த விமானி ராஜாராமன் அவர்களே! பெருங்களத்தூரிலிருந்தும் பல்லாவரத்திலிருந்தும் பேருந்துப் படியில் தொங்கியேனும் வந்து சேர்ந்த பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே! அணைத்தோமா இல்லையா என்று இப்போது யோசிக்கத் தொடங்கிய தாய்மார்களே! இன்றைய விழா நாயகர், விமானி உரிமம் பெற்று வந்திருக்கும் தம்பி கோபு அவர்களே! அவருடைய துணைவியார் முத்தாலம்மாள் அவர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் சற்றுமுன் என்னைப் பற்றிச் சொன்னார். "கோவிலம்பாக்கம் முனிரத்தினம், விமானப் பயிற்சிக் கூடத்தில் கருவிகளைக் காப்பவர், கோபுவை வானத்தில் ஏற்றிவைத்த ஏணி" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். அன்பர்களே, அந்தக் கைதட்டலைத் திருப்பித் தரத்தான் எழுந்தேன். நான் ஏணி அல்ல! ஏறியவன் காலைப் பிடித்து இழுத்தவன்!

என்ன, பின்வரிசையில் சலசலப்பு? அடக்கம் என்று நினைக்கிறீர்களா? அடக்கத்துக்கும் எனக்கும் ஆகாது. அது என் வீட்டாருக்குத் தெரியும். நான் சொல்வது உண்மை.

கேளுங்கள். மேகத்துக்குள் நுழைந்த விமானிக்கு மேல் எது, கீழ் எது? தெரியாது! ராட்டினம் சுற்றி இறங்கிய குழந்தை, நின்ற பிறகும் உலகம் சுற்றுகிறது என்று சொல்கிறதல்லவா? அப்படித்தான். சாய்ந்து பறக்கும்போது நேராகப் பறப்பதாக உடம்பு சொல்லும். நேராகப் பறக்கும்போது சாய்வதாக உடம்பு சொல்லும். உடம்பு பொய் சொல்லும். காது பொய் சொல்லும். வயிறு பொய் சொல்லும். உண்மை சொல்ல ஒன்றே ஒன்று இருக்கிறது. விமானியின் முகத்துக்கு நேரே இருக்கும் செயற்கை அடிவானம் என்னும் கருவி!

மேற்பாதி நீலம், அது வானம். கீழ்ப்பாதி பழுப்பு, அது மண். நடுவே ஒரு வெள்ளைக் கோடு, அதுதான் அடிவானம். கோட்டின் மேல் அசையாமல் நிற்கும் சின்னஞ்சிறு விமானச் சின்னம். விமானம் வலப்பக்கம் சாய்ந்தால் சின்னம் சாயாது. கோடுதான் இடப்பக்கம் சரியும். முன்பு வட்டக் கடிகாரமாக இருந்ததை இப்போது தொலைக்காட்சி போன்ற திரையில் காட்டுகிறார்கள். இறக்கையைக் கம்பி கட்டி இழுத்த காலமும் போகிறது. கைப்பிடியை அசைத்தால் கணிப்பொறி இறக்கைக்குச் செய்தி சொல்லும் விமானங்கள் வந்துவிட்டன. எது வந்தால் என்ன? எந்தப் பக்கம் திருப்புவது என்று கைக்குச் சொல்வது இன்றும் ஒரு மனிதனின் கண்தானே!

அந்தக் கண்ணைச் சோதிக்க எங்களிடம் ஒரு கூண்டு இருக்கிறது. தரையில் நிற்கும், பறப்பது போல ஏமாற்றும். திரையை மூடிவைப்பேன். கருவியைச் சாய்த்துவைப்பேன். திடீரென்று திரையைத் திறப்பேன். பயிற்சி பெறுபவர் கண நேரத்தில் கைப்பிடியைச் சரியான பக்கம் திருப்பி நேராக்க வேண்டும். திருப்பினால் பிழைத்தார். மாற்றித் திருப்பினால்? சாய்வு இன்னும் சாயும்! மேகத்துக்குள் அது நடந்தால் மாலைப் பத்திரிகையில்தான் பெயர் வரும்.

நீலாங்கரைப் பக்கத்துக் குப்பத்திலிருந்து உதவித்தொகை பெற்று வந்தவர் கோபு. கணக்கில் முதல், வானிலையில் முதல், வெட்டவெளியில் ஓட்டச் சொன்னால் பருந்து போல் ஓட்டுவார். ஆனால் இந்தக் கூண்டில் உட்கார்ந்தால் பத்துக்கு ஐந்து தடவை மாற்றித் திருப்பினார். முதல் தேர்விலும் தவறினார். இரண்டாம் தேர்விலும் தவறினார். மூன்றாம் தேர்விலும் தவறினால் உதவித்தொகை நிற்கும், படிப்பு நிற்கும், பறப்பது கனவாகப் போகும்.

"என்னாய்யா, இடது வலது தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும் சார். ஆனா அந்தக் கோடு சாயறப்போ கை தானா போய்டுது சார்" என்றார் பாவம்.

நான் என்ன செய்தேன்? அன்பாகக் கேட்டேனா? அருகில் அமர்ந்தேனா? ஆராய்ந்தேனா? இல்லை, இல்லை, இல்லை! கூண்டுத் தேர்வுக்கு அறிக்கை எழுதுவதும் என் வேலைதான். அறிக்கைத் தாளை எடுத்தேன். "புரிந்துகொள்வதில் மந்தம், தகுதியற்றவர்" என்று எழுதினேன். மேடையில் தமிழ் பேசுகிறவன் அல்லவா, எழுத்தும் அழகாக இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தையில் மீன் விற்றுவிட்டு, காலிக்கூடையும் சோற்றுத் தூக்குமாக முத்தாலம்மாள் எங்கள் வாசலுக்கு வந்தார். கணவர் சாப்பிடும் நேரத்தில் கூண்டை எட்டிப் பார்த்தார்.

"இதுலதான் இவரு தப்பு பண்றாரா சார்?"

எனக்கு இளக்காரம். "நீதான் உட்காந்து பாரேம்மா. சின்னப் புள்ளைகூட செய்யும்" என்றேன். எப்படி என்று சொல்லிக்கொடுத்து, திரையை மூடித் திறந்தேன். மாற்றித் திருப்பினார். மறுபடியும் திறந்தேன். மறுபடியும் மாற்றியே திருப்பினார். கணவர் செய்த அதே பிழை! அசல் அதே பிழை! நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, இடுப்பில் கையை வைத்துக் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி:

"இன்னா சார் சிரிக்கிற? கடலு எங்கயாச்சும் சாயுமா? மரம்தான சாயும்! உன் பொட்டில கடலு சாயுது, மரம் ஆடாம நிக்கிது. இத்தப் பண்ணவனுக்குத்தான் புத்தி பேஜாராகீது!"

ஆமாம், தட்டுங்கள்! இந்தக் கைதட்டலை அவர் வாங்கிக்கொள்ளட்டும்!

அன்பர்களே, எனக்குச் சிரிப்பு நின்றது. மரம் என்று அவர் சொன்னது கட்டுமரத்தை. கணவரையும் அவரையும் போலப் பிறந்தது முதல் கட்டுமரத்தில் போனவர் கண்ணுக்கு அடிவானம் அசையாதது, ஆடுவது மரம். மரம் இடப்பக்கம் சாய்ந்தால் உடம்பை வலப்பக்கம் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் கடலுக்குள் போக வேண்டியதுதான். அந்தக் கண் எங்கள் திரையைப் பார்க்கிறது. எது அசைகிறதோ அதுதான் தன் மரம் என்று எடுத்துக்கொள்கிறது. கோடு இடப்பக்கம் சரிந்ததும் கை வலப்பக்கம் பாய்கிறது. இது மந்தமா? இல்லை, உயிர் காத்த பழக்கம்! அதற்கு நான் வைத்த பெயர்தான் மந்தம்.

அடுத்த நாள் காலை, இதோ முன்வரிசையில் இருக்கிறாரே, இருபது ஆண்டு பறந்த ராஜாராமன் சார், அவரிடம் போய் நின்றேன். அவர் அனுமதி பெற்றுத்தான் சொல்கிறேன். சார், தலையை ஆட்டுங்கள், சபை பார்க்கட்டும். ஆட்டிவிட்டார்! "சார், ஒரு இருபது தடவை உட்காருங்க" என்றேன். "எனக்கேவா?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். இருபதில் மூன்று தடவை மாற்றித் திருப்பினார்! பொய்யில்லை, மூன்று!

அவர் கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்கவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "முனிரத்தினம், இதை வெளியில சொல்லாதீங்க." எழுந்து வாசல் வரை போனார். போனவர் திரும்பி வந்தார். "இல்ல, சொல்லுங்க. எல்லாருக்கும் சொல்லுங்க. எத்தனை பசங்களை நாம திட்டிருப்போம்!" பெரிய மனிதர் என்றால் இவரல்லவா பெரிய மனிதர்!

திங்கட்கிழமை காலை தலைமைப் பயிற்சியாளரின் மேசைக்குப் போனேன். என் அறிக்கை கையெழுத்துக்காகக் காத்திருந்தது. "நான் எழுதியது தப்பு சார், திருப்பிக் குடுங்க" என்றேன். இந்த வாய் அதுவரை சொல்லாத சொல், அன்பர்களே! அவர் ஏற இறங்கப் பார்த்து, தாளைத் திருப்பித் தந்தார். "மூணாவது டெஸ்டுக்கு நாலு நாள்தான் இருக்கு. திரையை மாத்த முடியாது. உலகம் பூரா இதே திரைதான்" என்றார்.

திரையை மாற்ற முடியாது. அப்படியானால் கண்ணைத்தான் மாற்ற வேண்டும். எப்படி மாற்றுவது? எனக்குத் தெரியவில்லை. வழி கண்டவர் கோபு. கடலையும் மரத்தையும் பற்றி நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணை மூடி யோசித்தார்.

"சார், மரத்துல குந்திகினு பாத்தாத்தான் கடலு நேரா இருக்கும். மரத்தோட மரமா ஒட்டிப் படுத்துகினு பாத்தா கடலுதான் சாயும். நான் இந்த டிவியப் படம்னு பாத்துகினு இருந்தேன். படம் இல்ல சார், ஓட்டை! மேகத்துல ஒரு ஓட்ட போட்டு வெளியப் பாக்கறோம்!"

எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத விளக்கம்! அன்று முதல் நான்கு நாளும் ஒரே பயிற்சி. திரை திறந்ததும் கை அசையக் கூடாது. முதலில் வானம் எங்கே என்று நீலத்தைத் தேட வேண்டும். கண்டபின் வானம் இருக்கும் பக்கமாகத் திருப்ப வேண்டும். ஒரு மூச்சு அளவு தாமதம்தான். அந்த ஒரு மூச்சுதான் உயிர்.

மூன்றாம் தேர்வு. திரையைத் திறக்கிறேன். கோபுவின் கை அசையவில்லை. ஒரு மூச்சு. நேராக்கினார். மறுபடி திறக்கிறேன். ஒரு மூச்சு. நேராக்கினார். ஐந்து, பத்து, பதினைந்து, இருபது! இருபதுக்கு இருபது! ராஜாராமன் சாருக்குப் பதினேழு என்பதை நான் மறுபடி நினைவூட்டவில்லை.

சிரித்தது போதும். என் நெஞ்சில் உள்ளதைச் சொல்கிறேன். நாம் எவ்வளவு எளிதாக எழுதிவிடுகிறோம்! பள்ளிக்கூடத்தில் எழுதுகிறோம், மக்கு என்று. பட்டறையில் எழுதுகிறோம், உருப்படாதவன் என்று. விபத்து நடந்தால் எழுதுகிறோம், ஓட்டியவன் பிழை என்று. அவன் கண்முன்னே நாம் எதை வைத்தோம்? அதை எப்படிப் பார்க்கச் சொன்னோம்? அவன் எங்கிருந்து வந்தான்? அவன் கை எந்தக் கடலில் பழகிய கை? கேட்டோமா? ஒரு மனிதனைத் தகுதியற்றவன் என்று எழுத இரண்டே நிமிடம் போதும். அவனைப் புரிந்துகொள்ள, கூடை இறக்கிவைத்த ஒரு மீன்காரத் தாய் வந்து என் முகத்துக்கு நேரே கேட்க வேண்டியிருந்தது!

தம்பி கோபு! உங்களைப் பற்றி நான் அப்படி எழுதியது இன்று இந்த மேடையில் நான் சொல்லும் வரை உங்களுக்குத் தெரியாது. தாளைக் கிழித்தேன், உங்களிடம் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை. இன்று நீங்கள் என் காலில் விழுந்து வணங்கிவிட்டு மேடை ஏறினீர்கள். அப்போதிருந்து என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. இந்தச் சபையின் முன்னால் கேட்கிறேன், தம்பி, என்னை மன்னித்துவிடுங்கள்.

வேண்டாம், எழுந்திருக்காதீர்கள். நீங்கள் அமர்ந்திருங்கள், நிற்க வேண்டியவன் நான்தான்.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.