ஒரு கூவுக்கு ரெண்டு கூவு

தள்ளாத, தள்ளாத கண்ணு. போன்ல அந்தப் படம் அப்புடியே நிக்கட்டும். தோ, அந்தச் செவப்புக் கல்லு. நடுவுல கதவு மாதிரி செதுக்கியிருக்குது பாரு, கதவுக்கு மேல ரெண்டு பக்கமும் படிப்படியா... ஆங், அதேதான். நான் அத நேர்ல பாத்துருக்கேன்.

சிரிக்கிற. சிரி, சிரி. தலை நெறயப் பூவு, முழங்கை மட்டும் வளையலு, மஞ்சப் பூசின மூஞ்சி. இப்புடி ஒருத்தி கள்ளக்குறிச்சி பஸ்ஸுல பக்கத்துல குந்திகினு, சவுதி பாலைவனத்தப் பாத்தேன்னு சொன்னா எனக்கே சிரிப்பு வரும். உன் எடத்துல நான் இருந்தா எழுந்து வேற சீட்டுக்குப் போயிருப்பேன்.

விசேஷத்துக்கா? ஆமா, விசேஷம்தான். மணலூர்பேட்டையில. எங்க சனமெல்லாம் காலையிலயே மினி வேன்ல போயிட்டாங்க. என்னையும் ஏறச் சொன்னாங்க. நான் பஸ்ஸுல வரேன்னுட்டேன். ஜன்னல் காத்துல தனியா வரணும்னு ஒரு ஆச. தனியா எங்க வந்தேன், உன்னப் புடிச்சிகினேனே. பூவு நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொன்ன பாரு, அதோட மாட்டிக்கின. நீ எது வரைக்கும்? திருவண்ணாமலையா? நல்லதாப் போச்சு, எனக்கப்புறம்தான் எறங்குவ.

என் பேரு கொளஞ்சி. கச்சிராயபாளையத்துக்கு மேல, கல்வராயன் மலை அடிவாரத்துல ஊரு. வூட்டு வாசல்ல நின்னா மலை மூஞ்சில இடிக்கும். நெலம் நீச்சு ஒன்னும் கெடையாது. மரவள்ளி புடுங்கப் போவோம், கரும்பு வெட்டப் போவோம். வேல இல்லாத நாள்ல மலைக்கு ஏறுவோம், கடுக்கா பொறுக்க, புளி உலுக்க.

எங்க வூட்டுக்காரரு பேரா? நீ வேற, அத நான் எப்புடி சொல்றது. ஊத்தங்கரை பக்கம் போயிருக்கியா? ஏரிக்கரைக்கு ஏரிக்கரை கல்லு நட்டு, மண் குதிர வெச்சிக் கும்புடுவாங்களே, அந்தச் சாமி பேரு. ஆங்! கரெக்டா சொல்லிட்ட. நீ தாராளமா சொல்லு, எனக்குத்தான் வாயி வராது. ரேசன் கடையில கேட்டாக்கூட எம் பொண்ணதான் சொல்லச் சொல்லுவேன். எந்தக் காலத்துல இருக்கறம்மா நீன்னு அதுவும் திட்டும். வரலன்னா இன்னா பண்றது, பழகல.

அவருதான் மொதல்ல சவுதிக்குப் போனாரு, பொண்ணு சின்ன கிளாஸ் படிக்கும்போது. தண்ணி லாரியில கூடப் போற வேல. பாலைவனத்துல ரோடு போடறவங்களுக்குத் தண்ணி கொண்டும்போய் ஊத்தணும். வெள்ளிக்கெழம ஆனா போனு வரும். இன்னா சாப்ட்டீங்க, வெய்ய எம்மாம் இருக்குதுன்னு நான் கேட்டா, அவரு பாறயப் பத்திதான் பேசுவாரு. கொளஞ்சி, இங்க ஒரு பாற யானை தும்பிக்கையத் தொங்க வுட்டுகினு நிக்கற மாதிரியே இருக்குது. கொளஞ்சி, இங்க மலையக் கொடஞ்சி வூடு கட்டியிருக்கான், கதவுக்கு மேல படி ஏறிப் போவுது, ஆனா அந்தப் படி எங்கயும் போய்ச் சேரல. நம்ம மலையேதான், ஒரு மரம் இல்ல, ஒரு கொரங்கு இல்ல, தோலு உரிச்ச மலைன்னுவாரு. ஊருக்கு வந்து நம்ம பாறயிலயும் ஒரு வூடு கொடஞ்சிடலாம், எவனும் பட்டா கேக்க மாட்டான்னு சொல்லிச் சிரிப்பாரு. போன்லயே அவரு சிரிச்சா வயிறு குலுங்கறது தெரியும்.

அப்பால போனு நின்னுபோச்சு.

சண்டையெல்லாம் இல்லம்மா. ஒரு வெள்ளிக்கெழம வல்ல. அடுத்த வெள்ளிக்கெழமயும் வல்ல. அவர அனுப்பி வெச்ச ஏஜெண்டு சொன்னான், உங்காளு லாரிய வுட்டு எறங்கி ஓடிட்டான்னு அங்க சொல்றாங்கன்னு. எங்க ஓடறது? அந்த எடத்துல எந்தப் பக்கம் ஓடறது, சொல்லு. செத்துட்டாருன்னும் எவனும் சொல்லல, இருக்காருன்னும் எவனும் சொல்லல. அப்ப நம்ம கள்ளக்குறிச்சி ஜில்லா ஆவல, எதுக்கெடுத்தாலும் விழுப்புரம் ஓடணும். ஓடினேன். பாக்கறோம்மா, பாக்கறோம்மான்னாங்க. இன்னும் பாத்துகினுதான் இருக்காங்க போல.

அதான் நானே போனேன், வூட்டு வேலைக்குன்னு. பொண்ண என் ஓரகத்தி கிட்ட வுட்டுட்டு. எல்லாரும் நான் சம்பாரிக்கப் போறேன்னு நெனச்சாங்க. நெனச்சிக்கட்டும்னு வுட்டுட்டேன். புருசனத் தேடப் போறேன்னு சொன்னா எவன் அனுப்புவான்?

போனா, நாலு சுவரு. வூட்டுக்காரம்மாவ அங்க மாமான்னுதான் கூப்புடணும், அது அவங்க பாச. மொத நாளு அந்தம்மாவ மாமான்னு கூப்புட்டுட்டு சமையக்கட்டுல போயி சிரிச்சேன் பாரு. எங்க ஊரு மாமனெல்லாம் மீச வெச்சவன். அதோட சரி, அப்புறம் சிரிக்க ஒன்னும் இல்ல. ஜன்னலுக்கெல்லாம் கனத்த திர. பாலைவனம் எந்தப் பக்கம் இருக்குதுன்னே தெரியாது. துணி, பாத்திரம், கொழந்த, மறுபடி துணி. அந்த நாட்டுக்குள்ள காலு வெச்சிட்டா தேடிடலாம்னு நெனச்சிகினு போனேன். கல்வராயன் மலைய வுட இன்னா பெருசா இருந்துடப் போவுதுன்னு நெனச்சவ நான்.

ஆனா ஒரு லீவுக்கு அவங்க குடும்பத்தோட ஊரு சுத்திப் பாக்கக் கெளம்பினாங்க. கொழந்தயத் தூக்கிக்க நானும் போனேன். நாளெல்லாம் காரு. ஓட்டறவரு ஹம்சான்னு ஒரு கேரளாக்காரரு, அவரு கிட்டதான் ரெண்டு வார்த்த தமிழ்ல பேச முடியும். நான் அசந்து தூங்கிட்டேன். கண்ணு முழிச்சா, கண்ணாடி பூரா யானை.

பாறதான். தும்பிக்கையத் தொங்க வுட்டுகினு நிக்குது. கொழந்தய இறுக்கிட்டேன், அது வீல்னு கத்துது. அந்தப் பாறய நான் காதால பாத்தவ, கண்ணு. போன்ல அவரு சொன்னது ஒன்னொன்னா வந்துகினே இருக்குது. தோ யானை. தோ செவப்பு. தோ கதவு. தோ எங்கயும் போய்ச் சேராத படி. அடுத்ததா அவருதான வரணும்?

மலையையே அறுத்து, எழச்சி, தூணு, நெலப்படி, வாசலு எல்லாம் வெச்சிருக்கான். உள்ள எட்டிப் பாத்தா வெறும் இருட்டு. மாமாவோட மாமியாக்காரி காரவுட்டே எறங்கல. அந்தக் காலத்து சனங்க வாழ்ந்த வூடு அது, தப்பு பண்ணாங்க, கடவுள் ஒரே சத்தத்துல அழிச்சிட்டாரு, அங்க நின்னு சிரிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாதுன்னுச்சாம். ஹம்சா என்னடான்னா, வூடு இல்ல சேச்சி, சமாதின்னாரு. வெளிய பாத்தா வூடு, உள்ள பொணம் வெக்கற எடம்னு. எது நெசம்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. உன் போன்ல போட்டிருக்குதா? வேணாம், படிக்காத. தெரிஞ்சி இன்னா ஆவப் போவுது.

எல்லாரும் போட்டோ எடுத்துகினு இருந்தாங்க. நான் கொழந்தய இடுப்புல வெச்சிகினு பாறைக்குப் பின்னால போனேன். அங்கருந்து பாத்தா பாற, பாற, பாறதான். ஒரு ஆளு இல்ல. அப்ப இன்னா பண்ணேன் தெரியுமா? கூவினேன்.

உனக்கு அது தெரியாது. எங்க பக்கம் மலைக்குப் போனா ஒருத்தர ஒருத்தர் பேரு சொல்லிக் கூப்புட மாட்டோம். மலைக்குப் பேரு தெரிஞ்சிட்டா அது கூப்புட ஆரம்பிச்சிடும்பாங்க. அதனால வெறும் கூவுதான். ஊஊன்னு ஒன்னு வுடுவோம். கேட்டவங்க ரெண்டு வுடணும். ரெண்டு வந்தா மனுசன், அந்தப் பக்கம் போவலாம். ஒன்னு வந்தா மலை, நின்ன எடத்துலயே நிக்கணும். கல்யாணமான புதுசுல கடுக்கா பொறுக்கப் போயி நான் வழி தவறிட்டேன். மூங்கித் தோப்புக்குள்ள நின்னுகினு அழுதுகினே கூவறேன், ஒன்னு வுட்டா ஒன்னுதான் வருது, ஒன்னு வுட்டா ஒன்னுதான் வருது. அப்பால ரெண்டு வந்துச்சு. அந்த ரெண்ட புடிச்சிகினேதான் அவரு கிட்ட போய்ச் சேர்ந்தேன்.

அங்கயும் ஒன்னு வுட்டேன். கொழந்த பயந்து வாய மூடிக்கிச்சு.

ரெண்டு வந்துச்சும்மா.

சத்தியமா ரெண்டு. மொதல்ல ஒன்னு, கொஞ்சம் வுட்டு இன்னொன்னு. நான் மணல்ல ஓட ஆரம்பிச்சிட்டேன். ஒத்தச் செருப்பு போச்சு. அதுக்குள்ள ஹம்சா ஓடியாந்து கொழந்தயப் புடிச்சிகினாரு, இன்னா சேச்சின்னாரு. சொன்னேன். அந்த மனுசன் ரெண்டு பக்கமும் திரும்பிப் பாத்தாரு. அப்பால சொன்னாரு, சேச்சி, இந்தாண்ட ஒரு பாற, அந்தாண்ட ஒரு பாற, ஒன்னு கிட்ட, ஒன்னு தூரம், ரெண்டும் ஆளுக்கொரு தரம் திருப்பிச் சொல்லும்னு. அதுக்குள்ள மாமா கத்துது, அழிஞ்சிபோனவங்க எடத்துல இது இன்னா ஊளையிடறதுன்னு. இழுத்துகினு போயி காருல ஏத்திட்டாங்க. கதவ மூடிட்டா அந்தக் காருக்குள்ள வெளிச் சத்தமே கேக்காது. ஏசி.

ரிஷிவந்தியமா இது? கூட்டம் ஏறுது, இந்தப் பக்கம் நவுந்துக்க. பூவ நசுக்கிடப் போறாங்க. அண்ணா, கொஞ்சம் பாத்து, கூடைய அந்தாண்ட வெச்சிக்கங்க.

இன்னா சொல்லிகினு இருந்தேன்? பேரு. பேரச் சொல்லியிருக்கணும். புரியுதா? அவரு பேரச் சொல்லிக் கத்தியிருந்தா, பாறன்னா அவரு பேரயே திருப்பிச் சொல்லும். மனுசன்னா கொளஞ்சின்னு சொல்லும். அம்மாம்தான். அந்த மணல்ல எனக்கு அது தோணவே இல்ல. நம்ம மலை மாதிரி இருக்குதேன்னு நம்ம மலை வழக்கத்தயே புடிச்சிகினேன். வழக்கம் இல்லன்னா மட்டும் என் வாயில அந்தப் பேரு வந்துருக்குமா? வந்துருக்காது.

ஊருக்குத் திரும்பி வந்து எம்மாமோ வருசம் ஆயிடுச்சு. அந்த ரெண்டு கூவ வெச்சிகினுதான் இந்தப் பொட்டு, இந்தத் தாலி. யாரு கேட்டாலும் இருக்காருன்னுவேன். என் கொழுந்தன் பூமாலை சொல்லுவான், அண்ணி, எங்கண்ணன் இருந்தா வந்திருக்காதான்னு. வரும் வரும்னுவேன். இப்பல்லாம் நான் சொல்றது என் காதுக்கே அந்தப் பாற சொல்ற மாதிரி கேக்குது.

எம் பொண்ணுக்கு இப்ப ஒரு எடம் கூடி வந்துருக்குது. நர்சிங் படிச்சிருக்குது. தங்கமான பையன். அவங்க வேற ஒன்னும் கேக்கல. பொண்ணோட அப்பா இருக்காரா, இல்லயா? இருந்தா மணவறைக்கு வரட்டும், தார வாத்துக் குடுக்கட்டும். இல்லன்னா பத்திரிகையில பேருக்கு முன்னால அமரர்னு போடுங்க, சித்தப்பன் நின்னு குடுக்கட்டும். ரெண்டுல ஒன்னு சொல்லுங்கன்னாங்க. அதுல இன்னா தப்பு? எம் பொண்ணு ஒரு வார்த்த பேசல. பேசியிருந்தா சண்ட போட்டிருப்பேன். சும்மா என் கழுத்தயே பாத்துகினு இருந்துச்சு. சரின்னுட்டேன்.

அதான் விசேஷம்.

ஒடம்பு கெடைக்காதவங்களுக்கு எங்க சனத்துல ஒரு மொற இருக்குது. ஆத்தோரம் புல்லுல ஆளு மாதிரி கட்டி, அவரு போட்ட சட்டய மாட்டி எரிப்பாங்க. கடலு தாண்டிப் போனவங்கன்னா நேராக் கடலுக்குப் போற ஆத்துலதான் பண்ணணுமாம், அதான் பெண்ணையாத்துக்கு. சட்டய பூமாலை காலையிலயே எடுத்துகினு போயிட்டான். சந்தனக் கலரு, நான் எடுத்துக் குடுத்த சட்ட. எரிக்கறதுக்கு முன்னால பொண்டாட்டிக்காரி ஆத்தப் பாத்து நின்னு மூணு தரம் கூப்புடணும். கூவறது இல்ல. பேரச் சொல்லி. மூணு தரமும் பதிலு வரலன்னா ஆளு இல்லன்னு அர்த்தம். அப்பால இந்தப் பூவு, இந்த வளையலு, இந்தப் பொட்டு... அதுக்குத்தான் இம்மாம் ஜோடன. ஓரகத்தி பாத்துப் பாத்து வெச்சி வுட்டா. எனக்குப் பத்தல, பஸ் ஸ்டாண்டுல எறங்கி இன்னும் ரெண்டு மொழம் நானே வாங்கி வெச்சிகினேன்.

அட, நீ ஏன் அழுவுற? பாக்கறவங்க நான் திட்டிட்டேன்னு நெனப்பாங்க. தொடச்சிக்க. தோ, இந்த முந்தானயில தொடச்சிக்க.

காலையில எழுந்ததுலருந்து வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்துகினு வரேன். மொத எழுத்தோட நின்னுக்குது. வே... பாத்தியா? வல்ல. ஆத்தாண்ட போனா வந்துடும். வரணுமில்ல.

மணலூர்பேட்டை வந்துடுச்சு. பாலத்தாண்ட எறங்கணும். அதோ பாரு, கரையில எங்க சனம் நிக்குது, அந்த வெள்ள வேட்டிதான் பூமாலை. தண்ணி எங்க இருக்குது, மணலுதான். அந்தக் கர எங்கியோ கெடக்குது. பாற கெடையாது, குன்று கெடையாது. எம்மாம் கத்தினாலும் ரெண்டும் வராது, ஒன்னும் வராது.

விசில் குடுங்க கண்டக்டர், எறக்கம் இருக்குது. காலக் கொஞ்சம் ஒதுக்கிக்க கண்ணு, பொடவ மிதிபடும்.