நீலத்தை எங்கே வைப்பேன்?

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஆற்றுத்துறைத் தலைவர் யோஹெய் அவர்களே! நெடுஞ்சாலையில் வருவோரையெல்லாம் தோளில் ஏற்றி அக்கரை சேர்க்கும் ஆற்றல்மிகு ஆடவரே! அவர்களை அனுப்பிவிட்டு ஆற்றையே பார்த்தபடி அடுப்பு மூட்டும் அன்னையரே! எடோ நகரத்து அச்சுக்காரன் இசபுரோவின் வணக்கம்.

நான் விருந்தாளியா, குற்றவாளியா? எனக்கே விளங்கவில்லை. முன்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கும் கொஞ்சம் தெம்பு வரும்.

உங்கள் ஆற்றின் படத்தை நான்காயிரம் தாள் அச்சிட்டவன் நான். மரப்பலகையில் நீலத்தைப் பூசி, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து மங்கலாக்குவது என் கைவேலை. கரையோரம் கருநீலம், நடுவிலே வெளிர்நீலம். ஏன்? கண்ணுக்கு அழகு! ஆழத்தையா பார்த்தேன்? அதுவரை ஆற்றையே பார்த்ததில்லையே, ஐயா!

அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு வந்தார் எண்ணெய் வியாபாரி கென்சோ. ஆளில்லாத மேல்துறையில் இறங்கினார். கரையோரம் முழங்கால் தண்ணீர். கருநீலமே முழங்கால் என்றால் வெளிர்நீலம் கணுக்கால்தானே என்று தனியாகவே நடந்தார். நடு ஆறு அள்ளிக்கொண்டு போனது. கீழ்த்துறையில் பாய்ந்து பிடித்தவர் உங்கள் கன்ரோக்கு. வியாபாரி பிழைத்தார், கன்ரோக்குவின் தோள் எலும்பு முறிந்தது. தோளை நம்பி வாழும் ஊரில் தோள் போனால் என்ன மிச்சம்?

பிழையைத் திருத்தத்தான் மூன்று நாளாக இங்கே அலைகிறேன். ஆழம் எங்கே என்று கேட்டேன். ஒருவர் நடுவே என்றார். ஒருவர் அக்கரையோரம் என்றார். இன்னொருவர், "நேத்து அங்க, இன்னிக்கு இங்க, நாளைக்கு எங்கன்னு மழையத்தான் கேக்கணும்" என்றார். தலை சுற்றுகிறது! எங்கே வைப்பேன் நீலத்தை? கரையிலா? நடுவிலா? நேற்றைய ஆற்றிலா, நாளைய ஆற்றிலா?

கன்ரோக்குவின் மனைவி ஓமினே அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"உங்க நீலம் எங்க வேணா இருந்துட்டுப் போகட்டும் அச்சுக்காரரே. ஆத்தோட ஆழம் இவரு காலுக்குத்தான் தெரியும்" என்றார்.

அவையோரே! நான்காயிரம் முறை துடைத்த என் கைக்குத் தெரியாதது அந்தக் காலுக்குத் தெரியும்! கோடைக்குள் இன்னும் ஆயிரம் தாள் கேட்கிறார் பதிப்பாளர். கேட்கட்டும்! கத்தட்டும்! கன்ரோக்குவின் எலும்பு கூடட்டும். என்னைத் தூக்கிக்கொண்டு அவர் நடு ஆற்றில் நிற்கட்டும். அதுவரை உங்கள் ஆறு என் தாளில் வெள்ளையாகவே கிடக்கும்.

பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார்: "எலும்பு கூடாமலே போயிட்டா?"

அப்படியானால், ஐயா, என் ஆயுள் முழுக்க அது வெள்ளைதான். பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் தலை தாழ்த்தி நன்றி சொல்லி இறங்குகிறேன்.