கரி புதைத்த மூலை

இரவு பத்தரை. வல்லிபுரக் கோயிலைத் தாண்டி மணற்காட்டுக்குப் போகிற பாதை. ஆள் இல்லை, நாய்கூட இல்லை. அந்தப் பாதையில் ஒரு மனுசன் தனியாகச் சைக்கிள் உழக்கிக்கொண்டு போகிறார்... வாய் நிறைய ஏச்சோடு.

கிட்ட வந்து இருங்கள். விளக்கைத் தணித்துவிடுங்கள், மண்ணெண்ணெயாவது மிஞ்சும். இது நான் கட்டின கதை இல்லை. நம்முடைய யோகராசா மாஸ்டரின் தாய்மாமனுக்கு நடந்தது, தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, மாசி மாதம். பெயர் சோமசேகரம். கொக்குவில் ஆள், நில அளவையாளர். தொழிலில் கெட்டிக்காரர்தான். ஆனால் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். பிழை தன்னுடையது என்று தெரிந்தால் இன்னும் இரண்டு மடங்கு நிற்கும்.

சைக்கிள் கரியரில் துவாயால் சுற்றிக் கட்டின ஒரு பெட்டி. செங்கல் அளவு. வானத்தில் சுற்றுகிற செய்மதிகளைப் பிடித்து, நீ நிற்கிற இடம் இது என்று இலக்கத்தில் சொல்லும். நிவாரண வேலைக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர், பற்றரி தீர்ந்ததும் இவரிடம் விட்டுவிட்டுப் போனது. யாழ்ப்பாணத்தில் அந்த நேரம் பற்றரிக்கு எங்கே போவது? எல்லாம் தடை. ரேடியோவில் செய்தி கேட்பதற்கே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கரண்ட் எடுத்தோம். பெட்டிக்கும் அதே வைத்தியம்தான். இவர் பெட்டியைப் பிடிப்பார். பெடல் சுற்றுவது கந்தப்பு.

கந்தப்பு இவருக்கு இருபத்திரண்டு வருடமாக அளவைச் சங்கிலி பிடித்த மனுசன். காடு, கடல்கரை, உப்பளம், எங்கே போனாலும் கூடப் போனவர். வயது அறுபதுக்கு மேல்.

மணற்காட்டு ஓரத்தில் அற்புதராணி என்று ஒரு பெண். புருசன் கடலுக்குப் போனவன், வரவில்லை. இரண்டு சின்னப் பிள்ளைகள். எட்டுப் பரப்புக் காணி, அதன் மூலையில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. பக்கத்துக் காணி கதிரவேலு முதலாளியுடையது. மணல்மேடு நகர்ந்து நகர்ந்து இடையிலிருந்த எல்லைக்கல்லை விழுங்கிவிட்டது. அளந்து தாருங்கள் என்று இவரைக் கூப்பிட்டார்கள்.

எதால் அளப்பது? அங்கேதான் வந்தது வினை. சங்கிலி போடுவதென்றால் கோயிலடி அளவைக் குறியிலிருந்து சவுக்கங்காட்டுக்குள்ளால் கோடு வெட்டி வர வேண்டும். பத்து நாள் வேலை. பெட்டி என்றால் அரை மணித்தியாலம். இவர் பெட்டியைத் தெரிந்தெடுத்தார். அது அறுபது எழுபது யார் தூரம் தள்ளிச் சொல்லக்கூடும் என்று கூட வந்த புத்தகத்திலேயே எழுதியிருந்தது. வாசித்தவர் இவர்தான். வாசித்துவிட்டு வாயைத் திறக்கவில்லை.

பெட்டி சொன்ன இடத்தில் முளை அடித்தார். கிணறு கதிரவேலு பக்கம் போய்விட்டது. அடுத்த நாள் விடிய முதலே முதலாளி கிணற்றைச் சுற்றிப் பனைமட்டை வேலி அடைத்துவிட்டார். அற்புதராணி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு கட்டை, அதாவது ஒரு மைல் தூரம் நடக்கத் தொடங்கினாள். அந்தச் சின்னதுகளும் போத்தலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தன.

கந்தப்புவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அளவைக்காரர் தங்கியிருந்த துன்னாலை வீட்டு முற்றத்தில் வந்து நின்றார்.

“ஐயா, எழுபத்தொண்டிலை அந்தக் கல்லை நாங்கள் ரெண்டு பேரும்தான் நட்டனாங்கள். அடியிலை ஒரு கடகம் கரி கொட்டினது நான். கல்லை ஆரும் புடுங்கலாம். கரி போகாது. கிண்டிப் பாப்பம்.”

உண்மைதான். எல்லைக்கல்லுக்கு அடியில் கரி போடுவது பழைய வழக்கம். கரி உக்காது, கள்ளனும் அதைத் தேடி வரமாட்டான். சோமசேகரத்துக்கு அது மறந்து போகவில்லை. மறக்காததால்தான் கோபம் தலைக்கு ஏறியது. அத்தனை வருடமும் கந்தப்புவோடு ‘நீர்’ என்று கதைத்தவர், அன்றைக்கு வேறு மாதிரிக் கதைத்தார்.

“உனக்கு அவ்வளவு துடிப்பெண்டால் நீயே போய்க் கிண்டு. பத்தடி மணலை அள்ளி உன்ரை கரியைக் கொண்டு வந்து காட்டு. நான் ராவைக்குப் பெட்டியோடை வாறன். அது சொல்லுறதுதான் எல்லை.”

கந்தப்பு தலைத்துண்டை இறுக்கிக் கட்டினார். பிறகு மண்வெட்டியை எடுத்தார்.

“பெடல் சுத்த நானும் வருவன், ஐயா. நீங்கள் பிழையாய் எழுதாமல் பாக்கிறதுக்கெண்டாலும் வருவன்.”

சொல்லிவிட்டு நடந்தார். அப்போது மத்தியானம்.

பொழுதுபட்டு ஏழு மணிக்குச் சோமசேகரம் சைக்கிளைத் துடைத்தார். கிறீஸ் கிடைக்கிற காலமா அது? செயினுக்கு அன்றைக்குத்தான் முதல்முறை இலுப்பெண்ணெய் விட்டார். கமறுகிற அந்த மணத்தோடுதான் புறப்பட்டார். அந்த நாட்களில் வானத்தில் செய்மதிகள் குறைவு. நாலு ஒன்றாய்த் தலைக்கு மேலே வருவது இரவு பதினொன்றே காலுக்கு. அதனால்தான் இந்த நேரங்கெட்ட நேரத்துப் பயணம்.

வழியெல்லாம் கந்தப்புவுக்கு ஏச்சு. சோறு போட்ட கைக்கு எதிராகக் கதைக்கிறான், கிழட்டு வயதில் பிடிவாதம்... இப்படியே மணல்மேட்டடிக்கு வந்து சேர்ந்தார். சவுக்கங்காடு ‘உஸ்...’ என்று இரைந்துகொண்டிருந்தது. கடலில் தூரத்தே கடற்படைப் படகுச் சத்தம். ரோச் வெளிச்சம் அடிக்க ஏலாது.

மேட்டின் அடியில் ஒரு உருவம் குந்தியிருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு. மெலிந்த தோள், தலையில் கட்டின துண்டு. கந்தப்புதான்.

“வந்திட்டியோ” என்றார் இவர். பதில் இல்லை. கோபத்தில் இருக்கிறான், இருக்கட்டும் என்று இவரும் விட்டுவிட்டார். உருவத்துக்குப் பக்கத்திலேயே சைக்கிளைக் கவிழ்த்து வைத்தார். வயரைக் கொளுவினார். பெட்டியின் வெளிச்சம் கடலுக்குத் தெரியாமல் துவாயால் மூடிக்கொண்டு குனிந்தார்.

பெடல் சுற்றத் தொடங்கியது. ‘உர்ர்ர்...’ என்று டைனமோ.

நனைந்த கரி மணத்தது. மீன் பிடிக்க ஆரோ எரித்த சூள்விறகாக்கும் என்று நினைத்தார். பக்கத்தில் ‘சர... சர...’ என்று மணல் கொட்டுகிற சத்தம். கந்தப்புவின் தலைத்துண்டிலிருந்துதான் கொட்டியது. எவ்வளவு நேரம் கொட்டும்? நிற்கவே இல்லை. இரண்டு தரம் செயின் கழன்றது. இரண்டு தரமும் அந்தக் கை இருட்டிலேயே அதைப் பிடித்துப் பூட்டியது. பிறகு பழையபடி ஒரே வேகம். அறுபது தாண்டின மனுசன், மூச்சு வாங்குகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

எந்த இரவும் அந்தப் பெட்டியின் கடைசி இலக்கங்கள் துள்ளிக்கொண்டே இருக்கும். அன்றைக்குத் துள்ளவில்லை. ஆணி அடித்த மாதிரி நின்றன. சோமசேகரம் மடியிலிருந்து துண்டுக் கடதாசியை எடுத்துப் பார்த்தார். எழுபத்தொன்றாம் ஆண்டுப் படத்திலிருந்து அந்த மூலைக்கு அவரே கணக்குப் பண்ணி வைத்த இலக்கம். கடைசி இலக்கம் வரைக்கும் அதேதான்.

அப்படியென்றால் மூலை சைக்கிள் நிற்கிற அந்த இடம்தான். கிணறு அற்புதராணியுடையது.

அந்த மனுசனுக்கு அப்போதும் வெட்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. சைக்கிள் நின்ற இடத்திலேயே ஒரு முளையை எடுத்துக் கல்லால் ஓங்கி ஓங்கி அடித்து இறக்கினார்.

“உன்ரை கரி உதுக்குள்ளைதான் கிடக்கு. இப்ப சந்தோசமோ?”

திரும்பிப் பார்த்தார். சில்லு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான் என்று திட்டிக்கொண்டே துன்னாலைக்குத் திரும்பி, போர்த்துக்கொண்டு படுத்தார்.

விடியப்புறம் வாசல் படலையில் அற்புதராணி. நடந்தே வந்திருக்கிறாள். கந்தப்பு அண்ணை இங்கே வந்தாரோ என்று கேட்டாள். நேற்றுப் பின்னேரம் மேட்டடியில் கிண்டிக்கொண்டிருந்தாராம். இவள் வைத்துவிட்டுப் போன தேத்தண்ணி அப்படியே கிடக்கிறதாம். ஐந்து மணி போலத் ‘தொம்’ என்று ஒரு சத்தம் கேட்டதாம், தூரத்து ஷெல் என்று நினைத்தாளாம். ஓடிப்போய்ப் பார்த்தால் வெட்டின கிடங்கும் இல்லை, ஆளும் இல்லை, மணல் மட்டமாய்க் கிடந்ததாம். கரியைக் காணாமல் கிடங்கை மூடிவிட்டுப் போய்விட்டார் என்று எண்ணினாளாம்.

சோமசேகரம் சைக்கிளை எடுத்தார்.

முளையடியில் ஆறு பேர் கிண்டினார்கள். ஒன்பதாவது அடியில் தலைத்துண்டு தெரிந்தது. குந்தின வாக்கில் இருந்தார் கந்தப்பு. மண்வெட்டி காலடியில். இடது கைப்பிடிக்குள் கரித்துண்டுகள். விரலை விரிக்க ஏலவில்லை.

கதிரவேலு முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அற்புதராணி அவர் முகத்தைப் பார்த்தபடியே வேலி மட்டையைக் காலால் உதைத்து விழுத்தினாள். உள்ளே போய், தன் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்தாள். ஒருவரும் மறிக்கவில்லை.

இடது கையைக் கழுவினாள். கரிக்கறை கழுவுப்பட்டுப் போனது. வலது கை விரிந்து கிடந்தது. உள்ளங்கை கொப்புளம் போட்டு, முழுக்கக் கறுப்பு. அதையும் கழுவினாள்... தண்ணீர் ஒட்டாமல் வழிந்தது.

“இது கரியில்லை, ஐயா” என்றாள்.

சோமசேகரம் குனிந்து அந்தக் கையை முகர்ந்து பார்த்தார். இலுப்பெண்ணெய்.